ஃபீட் ரீடரில் வலைப்பதிவுகள் சேருதில்லை, உதவி தேவை

உவர்மலை வாசகி:
திருகோணமலையில இருந்து எழுதுறன். நான் விரும்பி வாசிக்கிற ஆக்கள் இப்ப ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால்தான் பதிவு போடினம். ஒவ்வொரு வலைப்பதிவாய்ப் போய்ப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது, விடவும் மனமில்லை. அதால, புதுப் பதிவுகளைத் தானாய் எடுத்து ஒரே இடத்தில காட்டுற ஃபீட் ரீடர் எண்ட செயலி ஒண்டைப் போனில போட்டன். பதிவின்ர இணைப்பைக் கொப்பி பண்ணிக் குடுத்தால் சிலதுக்கு ‘ஃபீட் இல்லை’ எண்டு வருது. சேர்ந்த ஒண்டும் தலைப்பையும் ரெண்டு வரியையும்தான் காட்டுது. என்ன செய்யலாம்?

நிலாவெளித் தம்பி:
அக்கா, அது தனிப் பதிவின்ர முகவரியாய் இருக்கும். ஆண்டு, மாதம், கடைசியில எச்டிஎம்எல், எம்=1 எண்டெல்லாம் நீளமாய் நிக்கும். பிளாக்ஸ்பாட் டொட் கொம் வரைக்கும் வைச்சுக்கொண்டு மிச்சத்தை அழியுங்கோ. அதுக்குப் பிறகு ஸ்லாஷ் ஃபீட்ஸ் ஸ்லாஷ் போஸ்ட்ஸ் ஸ்லாஷ் டிஃபால்ட் எண்டு ஆங்கிலத்தில அடிச்சுச் சேருங்கோ. வேர்ட்பிரஸ் எண்டால் ஸ்லாஷ் ஃபீட் போதும்.

ரெண்டு வரி வாறது எழுதினவர் செட்டிங்ஸில சுருக்கம் எண்டு வைச்சதால. ஆண்ட்ராய்டில ‘ஃபீடர்’ எண்ட செயலியில முழுக் கட்டுரையையும் எடுத்துத் தாற தெரிவு இருக்கு. வீட்டு வைஃபையில இறக்கி வைச்சால், கொழும்பு பஸ்ஸில ஹபரணைப் பக்கம் சிக்னல் இல்லாட்டியும் வாசிக்கலாம்.

கிண்ணியா வாசகர்:
தம்பி சொன்னது சரி. 2004இல தொடங்கின, தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில திரட்டிக் காட்டின தமிழ்மணம் தளம் நல்லா ஓடின காலத்தில, அங்க போனாலே யார் புதுசா எழுதியிருக்காங்க எண்டு தெரிஞ்சிடும். இப்ப அந்தத் திரட்டியை ஒவ்வொருத்தரும் தன்ட போனிலயே கட்டிக்க வேண்டியிருக்கு. ஒண்டு சொல்றன் சகோதரி, அரிதா எழுதுறவங்களுக்குத் தனி ஃபோல்டர் போடுங்க. செய்தித் தளங்களோட கலந்து வெச்சா, வருசத்தில ரெண்டு தரம் எழுதுறவர்ட பதிவு அதுக்குள்ள அமிழ்ந்து போயிடும். அவங்களுக்காகத்தானே இதையே போடுறம்.

ரீடர்ல சேர்த்த வலைப்பதிவுப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பா, அதாவது வேற ரீடரும் வாசிக்கக்கூடிய கோப்பா எடுத்து உங்கட மெயிலுக்கே அனுப்பி வைங்க. 2013 ஜூலை 1இல கூகுள் ரீடரை மூடினப்போ, அந்தக் கோப்பை எடுத்து வெச்சிருந்தவங்க அதை அப்படியே வேற ரீடருக்குக் கொண்டு போனாங்க.

உவர்மலை வாசகி:
தம்பி, சேர்ந்திட்டுது! கன நாளாய்ச் சத்தமில்லாமல் இருந்த ஒருத்தர் போன மாசம் ஒடியல் கூழ் பற்றி எழுதியிருக்கிறார், நண்டு எப்ப போடுறது, ஒடியல் மாவை எப்ப கரைச்சு விடுறது எண்டு அவ்வளவு விபரமாய். இப்பதான் கண்டன், வலு சந்தோசம். தனி ஃபோல்டரும் போட்டாச்சு அண்ணா. ஆனால் பழைய பதிவுகள் எல்லாம் வரேல்லையே? இன்னொரு வலைப்பதிவு இப்பவும் சேருதில்லை.

நிலாவெளித் தம்பி:
பிளாக்ஸ்பாட் முகவரி இருக்கிற பிளாக்கர் வலைப்பதிவின்ர ஃபீட் வழமையாய்க் கடைசி 25 பதிவைத்தான் தரும். முகவரிக்குப் பின்னால கேள்விக்குறி போட்டு மேக்ஸ் ஹைஃபன் ரிசல்ட்ஸ்=100 எண்டு சேர்த்துப் பாருங்கோ.

சேராதது, எழுதுறவரே ஃபீடை நிப்பாட்டி வைச்சதாய் இருக்கலாம். பதிவுக்குக் கீழ ஒரு பின்னூட்டம் போட்டுக் கேளுங்கோ அக்கா. அவர் தன்ர செட்டிங்ஸில ‘சைட் ஃபீட்’ எண்ட இடத்தில ‘ஃபுல்’ எண்டு மாத்தினால் சரி. வாசிக்க ஆள் இருக்கெண்டு தெரிஞ்சால் மாத்திவிடுவார்.