தாத்தா பெட்டியில் பழைய ரிவால்வர், வைத்துக்கொள்ளலாமா?

அல்சூர்பேரன்: அல்சூர் வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு ரிவால்வர் கிடைத்தது, முழுக்கத் துரு, சிலிண்டரில் அஞ்சு ஓட்டை, சுத்தியலில் கட்டை விரல் வைக்கிற கொக்கியே இல்லை, மேலே ‘ஆடம்ஸ்’ என்று மங்கலாகத் தெரிகிறது. லைசென்ஸ் வேண்டுமா? தேய்த்துப் பளபளப்பாக்கி ஷோகேஸில் வைக்க ஆசை.

துருப்பிடிச்சவன்: ஐயோ, தேய்க்காதீர்கள்! அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் மதிப்பே. கொக்கி இல்லை, அஞ்சு குண்டு என்றால் இங்கிலாந்துத் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் ஆடம்ஸின் 1851 மாடலாக இருக்கலாம். ட்ரிக்கரை இழுத்தாலே சிலிண்டர் சுற்றிச் சுத்தியல் தானாக எழுந்து அடிக்கும். குழலும் சட்டமும் (ஃப்ரேம்) ஒரே இரும்பில் அடித்தது, அதனால் அந்தக் காலத்து அமெரிக்க ‘கோல்ட்’ ரிவால்வரை விட உறுதி. நான் கோல்ட் ஆள்தான், ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன்.

சிவாஜிநகர்_வக்கீல்: பழசு என்பதாலேயே விலக்கு கிடையாது. 1959 ஆயுதச் சட்டம் 45-வது பிரிவில் விலக்கு கிடைக்க, பழைய மாடலாக இருந்தாலும் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும். அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாமல் வக்கீல் மூலம் போலீஸுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அப்புறம், நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்திலும் வரும், வெளிநாட்டுக்கு விற்கும் யோசனை வேண்டாம்.

அல்சூர்பேரன்: சரி, துணியைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே குண்டு இருந்தால்?

துருப்பிடிச்சவன்: இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரிமருந்து (அந்தக் காலத்துத் துப்பாக்கி வெடிமருந்து) நனையாவிட்டால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும், தொடாதீர்கள்.