கினி பிக் விரலில் வேட்டி நூல் சுற்றிக்கொண்டது, கூண்டில் துணியே போடக்கூடாதா?

செம்பூர் வாசி:
இரண்டு கினி பிக் வளர்க்கிறோம், இரண்டும் பெண், ஒன்றரை வயது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கூண்டில் விரித்திருந்தேன். மூலையில் அம்மா புடவைத் துணியில் தைத்த தூளி. நேற்று ராத்திரி சின்னது பின்னங்காலை ஊன்றாமல் நொண்டியது. தூக்கிப் பார்த்தால் நடுவிரலில் வேட்டி நூல் இறுகி, விரல் வீங்கிச் சிவந்திருந்தது. நூலை வெட்டி எடுத்துவிட்டேன், இப்போது நடக்கிறாள். ஆனால் தூளியின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணியைக் காணோம். எது தின்றதோ! வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பில் ஒரு சொட்டு கொடு என்கிறார் மாமா. கொடுக்கலாமா? மழையில் மரத்தூள் ஒரே நாளில் நசநசத்துவிடுகிறது, அதனால்தான் துணிக்கு மாறினேன்.

மாட்டுங்கா மாமி:
ஐயோ, சிரப் வேண்டவே வேண்டாம். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் இதுகளின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். உங்கள் மாமாவுக்கு என் வணக்கம்.

புழுக்கை எண்ணுபவர்:
விரலைவிட எனக்கு அந்த நாணயம் அளவுத் துணிதான் கவலை. கினி பிக்குக்கு வாந்தி வராது. விழுங்கியது குடலில் சிக்கினால் வெளியே வர வேறு வழி கிடையாது. இரண்டையும் தனித்தனியாக வைத்துப் புழுக்கையைப் பாருங்கள், ஆனால் நடுவில் கம்பி வலை மட்டும் இருக்கட்டும், ஒன்றையொன்று பார்க்காவிட்டால் மிரண்டு சாப்பாட்டை விட்டுவிடும். புழுக்கை சின்னதாகிக் குறைந்தாலோ, வயிறு உப்பினாலோ, முதுகைக் கூனி உட்கார்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம்தான். நாய், பூனை மட்டும் பார்ப்பவரைவிட முயல், கினி பிக் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடுங்கள்.

துணியை மொத்தமாக விட வேண்டியதில்லை, நெய்த பருத்திதான் வில்லன். கிழித்த ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். டர்க்கி டவலும் ஆகாது, அந்த வளையங்களில் நகம் மாட்டும். ஃப்ளீஸ், அதாவது போர்வைகளில் வரும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி, வெட்டினாலும் நூல் பிரியாது. அதற்காக மங்கள்தாஸ் துணி மார்க்கெட் வரை போக வேண்டாம், பழைய ஏசி போர்வை ஃப்ளீஸாக இருந்தால் போதும். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே போடுங்கள், புதுசில் மூத்திரம் மேலேயே நிற்கும். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் கூடாது, ஈரம் கீழே இறங்காது. அடியில் உறிஞ்சும் துணியை நான்கு பக்கமும் ஃப்ளீஸால் மூடித் தையுங்கள். ஜூலையில் மூன்று செட்டாவது வேண்டும். ஈரத்திலேயே நின்றால் பாதம் புண்ணாகும். ஃப்ளீஸையும் கடிக்கிற ஜீவன்கள் உண்டு. உங்களுடையது கடித்தால் காகிதப் படுக்கைதான்.

தாதர் தம்பி:
தூளிக்குப் பதில் அட்டைப்பெட்டி வையுங்கள். டேப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் பெரியது மறித்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், கடைக்காரர் ஓடும் சக்கரம் தள்ளிவிடப் பார்ப்பார், வாங்காதீர்கள். அது எலிக்குச் சரி, இதற்கு முதுகெலும்பு கெடும்.

செம்பூர் வாசி:
மருத்துவரிடம் போய் வந்தோம். நான் முழுசாக எடுத்துவிட்டதாக நினைத்த நூலில் இன்னும் ஒரு சுற்று தோலுக்குள் பதிந்திருந்தது! லென்ஸ் வைத்துப் பார்த்து எடுத்தார். விரல் பிழைத்துவிடும் என்றார். இரண்டும் புல் தின்கின்றன, புழுக்கை வழக்கம்போல இருக்கிறது. நாளை மறுநாள் மறுபடி காட்ட வேண்டும். தூளியைக் கழற்றியதில் அம்மா முகம்தான் சரியில்லை, ஃப்ளீஸ் தைக்கிற வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன்.