பாட்டி வீட்டுக் குழு: பாப்பாவின் பேச்சுப் போட்டி

ஈரோடு அத்தை: நாளை பாப்பாவுக்குப் பேச்சுப் போட்டி. ‘ஊருக்கு உழைத்த நகராட்சித் தலைவர்’. மூன்று நிமிடம். யாரைப் பேசலாம்? இன்றுதான் சொல்கிறாள்!

சேலம் பெரியப்பா: ராஜாஜி.

ஈரோடு மாமா: ஈரோட்டில் நின்றுகொண்டு சேலத்துச் சேர்மனையா? பெரியார்தான்.

சேலம் பெரியப்பா: பொறுங்கள் மாப்பிள்ளை. தொரப்பள்ளியில் பிறந்த மனிதர். 1900இல் சேலத்துக்கு வக்கீலாக வந்தார். 1911இல் நகராட்சி உறுப்பினர், 1917 முதல் 1919 வரை சேர்மன். தாழ்த்தப்பட்ட மக்களில் ஒருவர் முதன்முதலாகச் சேலம் நகராட்சி உறுப்பினரானது இவர் முயற்சியால். தெருவில் நடக்கவே தடை இருந்த காலத்தில் சபையில் சரிசமமாக நாற்காலி! பாப்பா இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பேச வேண்டும்.

மதுரை அண்ணி: ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை இலை? சமையல்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

சென்னை அண்ணன்: நாங்கள் நான்கு.

ஈரோடு மாமா: பெரியார் பள்ளிக்குப் போனதே ஐந்து வருடம்தான் மச்சான். 12 வயதில் அப்பாவோடு வியாபாரம். அவர் சேர்மனாகி ஊருக்குக் குழாயில் குடிநீர் கொண்டுவந்தார், தெருக்களை அகலப்படுத்தினார். பிளேக் வந்து ஊரே ஓடியபோது பிணங்களைத் தோளில் சுமந்தவர்.

சென்னை அண்ணன்: குடிநீர் என்றதும் அத்தை கல்யாணப் பந்தி ஞாபகம் வருகிறது.

சேலம் பெரியப்பா: அது லாரிக்காரன் செய்த தாமதம்.

பவானி சித்தப்பா: நம் கிணற்றில் இறைத்திருக்கலாம். யார் கேட்டார்கள்?

ஈரோடு அத்தை: சின்ன அண்ணா, கிணற்றுப் பேச்சு இப்போது வேண்டாம்.

மதுரை அண்ணி: பவானியிலிருந்து எத்தனை பேர் என்று சொல்லுங்கள்.

சேலம் பெரியப்பா: ஒன்று சொல்கிறேன். இவர் சேலத்தில் சேர்மனாக இருந்த நாளில்தான் அவரும் ஈரோட்டில் சேர்மன். பக்கத்துப் பக்கத்து ஊர், நல்ல சிநேகிதம். 1919இல் பெரியார் பதவியை விட்டுக் காங்கிரசுக்கு வந்ததே ராஜாஜி அழைத்துத்தான். பிறகு அரசியலில் எத்தனை சண்டை! ஆனால் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார் பெரியார். பாப்பா இருவரையும் சேர்த்தே பேசட்டும்.

ஈரோடு அத்தை: மூன்று நிமிடத்திலா அண்ணா?

ஈரோடு மாமா: முதலில் பெரியார்.

சேலம் பெரியப்பா: வயதில் மூத்தவர் ராஜாஜி. 1878.

பவானி சித்தப்பா: அவர் அழுத படத்தை அப்பா பேப்பரிலிருந்து வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்.

சேலம் பெரியப்பா: சோற்றுப் பசையால் ஒட்டினார். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறதா?

பவானி சித்தப்பா: ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. முகம் நன்றாகத் தெரிகிறது. காலையில் வெளிச்சம் வந்ததும் போட்டோ எடுத்துப் போடுகிறேன். பாப்பாவிடம் காட்டுங்கள்.

ஈரோடு அத்தை: அவள் தூங்கிவிட்டாள். எதைப் பேசுவதென்று எழுந்ததும் அவளே சொல்லட்டும்.

மதுரை அண்ணி: பவானி கணக்கு?

சேலம் பெரியப்பா: நான்கு இலை சேர்த்துச் சொல்லம்மா.

பவானி சித்தப்பா: நான் இன்னும் வருவதாகச் சொல்லவில்லை அண்ணா.

சேலம் பெரியப்பா: இலை இருக்கட்டும்.