[கலைச்சொல்] ‘ஸ்டேஷன் கீப்பிங்’: நிலைநிறுத்தலா, இடக்காப்பா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம். புவிநிலைத் துணைக்கோள் (பூமியோடு சேர்ந்து சுற்றி, வானில் ஓரிடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்) இயக்கக் கையேட்டின் ஆறாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்ற சொற்கள் ஒருவழியாக ஒப்பேறிவிட்டன. ‘ஸ்டேஷன் கீப்பிங்’ மட்டும் தொண்டையில் நிற்கிறது. 35,786 கி.மீ. உயரத்தில், ஒதுக்கிய தீர்க்கரேகைக்கு இரு பக்கமும் 0.05 பாகைக்கு மேல் விலகாமல் துணைக்கோளை வைத்திருக்கும் வேலை. பக்கத்துக்கு மூன்று முறை வருகிறது, ஆகவே நீண்ட தொடர் ஆகாது.

மடல் 2

‘நிலைநிறுத்தல்’ இருக்கும்போது புதிதாக எதற்கு? நாளிதழ் படிப்பவருக்கும் தெரிந்த சொல்.

மடல் 3

> நாளிதழ் படிப்பவருக்கும் தெரிந்த சொல்

சிக்கலே அதுதான் ஐயா. ‘சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது’ என்று நாளிதழில் வந்தால் ஏவுதல் முடிந்தது என்று பொருள். ஏவூர்தி விட்டுச்செல்வது பெரும்பாலும் நீள்வட்டப் பாதையில். அதன் சேய்மைப்புள்ளியில், அதாவது பூமியிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடத்தில், பெரிய எந்திரத்தைச் சில முறை எரித்து வட்டமாக்கி, ஒதுக்கிய இடத்துக்கு நகர்த்துவது வரை ஒருமுறை வேலை. நாம் பெயர் தேடுவது அதன்பின் 15 ஆண்டு ஓயாமல் நடப்பதற்கு. ‘நிலைப்படுத்தல்’ என்றும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது துணைக்கோளின் முகம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது. முகம் வேறு, இடம் வேறு.

ஞாயிறும் திங்களும் பாதையின் தளத்தை ஆண்டுக்கு 0.75 முதல் 0.95 பாகை வரை சாய்க்கின்றன. அதைத் திருத்த ஆண்டொன்றுக்கு நொடிக்கு சுமார் 50 மீட்டர் அளவு வேகமாற்றம் வேண்டும். இது வடக்கு-தெற்கு வேலை. எரிபொருளில் பெரும்பங்கைத் தின்பது இதுவே. இன்னொரு பக்கம், நிலநடுக்கோடு சரியான வட்டமாக இல்லாததால் துணைக்கோள் 75° கிழக்கு, 105° மேற்கு என்ற இரண்டு பள்ளங்களில் அருகிலுள்ளதை நோக்கி உருளப் பார்க்கும். அதைத் தடுக்க ஆண்டுக்கு மிஞ்சினால் நொடிக்கு 2 மீட்டர் வேகமாற்றம். சின்ன வேலைதான், ஆனால் புதியவர்கள் இடறுவது இங்கேதான்: மேற்கே நகர வேண்டுமென்றால் கிழக்கே தள்ள வேண்டும். தள்ளினால் பாதை உயரும், சுற்றுக்காலம் 23 மணி 56 நிமிடத்தைத் தாண்டும், பூமி முந்திக்கொள்ளும். வடக்கு நோக்கிய உந்தல் துளி சாய்ந்தாலும் போதும், கிழக்கு-மேற்குக் கணக்கும் கெட்டுவிடும்.

என் முன்மொழிவு: இடக்காப்பு.

மடல் 4

‘இடம்’ என்றால் இடப்பக்கமும் ஆயிற்றே. வலக்காப்பு எங்கே என்று மாணவன் கேட்பான். ‘காப்பு’ கையில் போடுவது, கோயிலில் கட்டுவது, நூலின் தொடக்கத்தில் பாடுவது. இத்தனை சுமை எதற்கு? ‘பேண்’ நல்ல வேர்: நிலைபேணல்.

அதைவிடப் பழையது ஒன்று உண்டு. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் ஞாயிற்றின் ‘பரிப்பு’ என்றால் இயக்கம், அது சூழ்ந்த வட்டம் ‘மண்டிலம்’. பரிதல் ஓடுதல், பரித்தல் தாங்குதல். நொடிக்கு 3 கி.மீ. ஓடிக்கொண்டே ஓரிடத்தில் தாங்கி நிற்பதற்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? (பரிபாலனத்தின் ‘பரி’ வடமொழி முன்னொட்டு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பரிப்பு என்றே வைக்கலாம்.

மடல் 5

பருப்பு என்று அச்சாகும் ஐயா. ‘வலவன் ஏவா வானவூர்தி’ மட்டும்தான் இன்னும் இந்த இழைக்கு வரவில்லை.

கட்டுப்பாட்டு அறையின் திரையில் இருப்பது ஆங்கிலம். அதைப் பார்த்து இயக்கப்போகிறவனுக்கு ‘ஸ்டேஷன் கீப்பிங்’ என்றே எழுதினால் என்ன? ராக்கெட்டை ஏற்றுக்கொண்டோம், ரேடியோவை ஏற்றுக்கொண்டோம்.

மடல் 6

ராக்கெட் ஒரு பொருளின் பெயர் தம்பி, இது ஒரு செயலின் பெயர். செயலுக்கு வினை இல்லாவிட்டால் ‘ஸ்டேஷன் கீப்பிங் பண்ணி’ என்றுதான் முடியும்.

ஆங்கிலத்திலேயே இது கடலிலிருந்து வந்தது. அணியாகச் செல்லும் கப்பல் தன் இடைவெளியைக் காப்பதைச் சொல்வார்கள். நாமும் கடலோடிகள்தானே, ‘நங்கூரம்’ என்பதை வைத்து ஏதாவது செய்யலாமா?

மடல் 7

நங்கூரம் எரிபொருள் குடிக்காது அம்மா. இது நங்கூரம் இல்லாத படகு, நீரோட்டத்தில் ஓரிடத்தில் நிற்பதற்காக ஓயாமல் துடுப்புப் போடுவது.

எந்தச் சொல்லானாலும் கூட்டுச்சொல்லாக்கிப் பாருங்கள். விலகக்கூடிய எல்லை: ‘காப்புக் கட்டம்’, பக்கத்துக்கு ஏறத்தாழ 74 கி.மீ. எரிபொருள் குறைந்ததும் வடக்கு-தெற்கு இடக்காப்பைக் கைவிட்டு, கிழக்கு-மேற்கு இடக்காப்பை மட்டும் தொடர்வார்கள். வானில் துணைக்கோள் நாளுக்கு ஒரு 8 போடும், தரையில் அலைவாங்கித் தட்டு அதைத் துரத்த வேண்டும். கடைசியில் மற்றவற்றுக்கு வழிவிட 300 கி.மீ. மேலே தள்ளிவிட நொடிக்கு 11 மீட்டர் வேகமாற்றம், அதாவது இரண்டரை மாத இடக்காப்புக்கு உரிய எரிபொருள். தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்பது உந்திகள் எரிந்த நேரத்தைக் கூட்டிப் போடும் மதிப்பீடுதான், பிழை மாதக்கணக்கில் வரும். அதனால் முன்கூட்டியே எடுத்து வைக்கிறார்கள். ‘பரிப்பைக் கைவிட்டு’ என்று இதையெல்லாம் எழுதிப் பாருங்களேன்.

மடல் 8

இடக்காப்பு இழந்ததை என்ன சொல்வது? 2010 ஏப்ரலில் கேலக்ஸி 15 என்ற தகவல்தொடர்புத் துணைக்கோள் கட்டளைக்குச் செவிசாய்க்காமல், ஆனால் ஒலிபரப்பை நிறுத்தாமல், 133° மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. நீங்கள் சொன்ன 105° பள்ளத்தை நோக்கித்தான். பக்கத்துத் துணைக்கோள்கள் ஒதுங்க வேண்டியதாயிற்று. டிசம்பரில் மின்கலம் வற்றி, மறுதொடக்கமாகி வழிக்கு வந்தது. ஆங்கிலத்தில் ‘ஸோம்பிசாட்’, அதாவது நடைப்பிணத் துணைக்கோள், என்கிறார்கள். நம்மிடம் வேதாளம் இருக்கிறது. முருங்கைமரம் ஏறுவதும் பொருந்துகிறது.

மடல் 9

வேதாளத்தை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். இடக்காப்புக்கு நால்வர், நிலைபேணலுக்கு இருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர். இடக்காப்பு என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்டேஷன் கீப்பிங் எனப்படும்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

மடல் 10

> இடக்காப்பு என்றே அனுப்புகிறேன்

அனுப்புங்கள். ‘சுற்றுப்பாதை’யையாவது ‘மண்டிலம்’ ஆக்கியிருக்கலாம்.