அம்முவின் கடற்கரைப் பிறந்தநாள்: ஈத்தாமொழி வீட்டுக் குழு

வியாழக்கிழமை

நான், மாலை 6:10
ஞாயிற்றுக்கிழமை அம்முவுக்குப் பிறந்தநாள் வைத்திருக்கிறோம். ஈத்தாமொழி வீட்டிலேயே, 4 மணிக்கு. பிள்ளைகள் மட்டும் 15 பேர் வருவார்கள். முட்டம் போய் வந்ததிலிருந்து அவளுக்குக் கலங்கரை விளக்கமும் கடலும்தான் பேச்சு. அதையே தீம் ஆக வைக்கலாம் என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

அண்ணன், 6:18
நாகர்கோவிலில் ஒருத்தர் பலூன், பின்திரை, மூன்றடுக்கு கேக் எல்லாம் சேர்த்துச் செய்கிறார். நீலத் திரை, தெர்மாகோல் கலங்கரை விளக்கம், எல்லாம் அவரே கொண்டுவந்து கட்டிவிடுவார். பேசட்டுமா? உனக்கு அலைச்சல் மிச்சம்.

மார்த்தாண்டம் மைனி, 6:25
நம் பையனுக்கு அப்படித்தானே செய்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கேக்கின் மேல் போட்டிருந்த ஃபாண்டன்ட் என்ற சீனி உறையை ஒரு பிள்ளையும் தின்னவில்லை, உரித்து உரித்துத் தட்டோரம் வைத்துவிட்டார்கள். திரைப் பக்கம் போகாதே, பலூனை இழுக்காதே என்று விரட்டுவதிலேயே பொழுது போனது.

தக்கலை சித்தி, 6:41
மக்களே, பின்திரைக்குக் கொடுக்கிற பணத்தில் நல்ல வெண்ணெயும் முட்டையும் மீனும் வாங்கலாம். கடலையும் கரையையும் தட்டிலேயே கொண்டுவந்துவிடுவோம். பிள்ளைகள் தொட்டு, அடுக்கி, கையை நக்கிக்கொண்டு தின்னட்டும். அவர்களுக்குப் பிறகு நினைவில் நிற்பது அதுதான்.

தக்கலை சித்தி, 6:44
மே மாத மதியத்தில் பட்டர்கிரீம் நிற்காது. வெண்ணெய் உருகுவதே 32 முதல் 35 டிகிரிக்குள். நம் ஊர் வெயிலும் அதே அளவுதான். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரக்காற்று பட்டு கேக் வியர்த்துவிடும், ஃபாண்டன்ட் என்றால் பிசுபிசுத்துச் சாயம் வழியும். வெயில் தாங்குகிற பொருளாகத்தான் எடுக்கவேண்டும்.

நான், 6:47
சொல்லுங்கள் சித்தி, எழுதிக்கொள்கிறேன்.

தக்கலை சித்தி, 7:05
கேக்தான் கரை. உயரமாக வேண்டாம், தட்டையாகக் கருப்பட்டி கேக் போடு. 9 அங்குலச் சதுரத் தட்டுக்கு மைதா 250 கிராம், கருப்பட்டி 200 கிராம், முட்டை 3, எண்ணெய் 120 மில்லி, கெட்டித் தேங்காய்ப் பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஏலக்காய், கொஞ்சம் உப்பு. கருப்பட்டியை 75 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடு. சூட்டோடு முட்டையில் ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். கருப்பட்டி சேர்ந்தால் மேல்பக்கம் சீக்கிரம் கறுக்கும், அதனால் 180 வேண்டாம், 170 டிகிரியில் 40 நிமிடம் வை.
மேலே கனாஷ் மெல்லிசாகத் தடவு. டார்க் சாக்லேட் 200 கிராமுக்குக் கிரீம் 100 கிராம். ஒன்றுக்கு ஒன்று என்று போட்டால் இந்த வெயிலில் ஓடும். அதன்மேல் மாரி பிஸ்கட்டைப் பொடித்துத் தூவினால் மணல்.

அம்மா, 7:09
கருப்பட்டி நான் பார்த்து வாங்குகிறேன். இப்போது சீனி கலந்ததுதான் அதிகம் வருகிறது.

தம்பி, 7:12
சித்தி, கடலுக்கு நீலக் கலர் வாங்கி வரவா?

தக்கலை சித்தி, 7:20
கடையில் வேண்டாம். ஈத்தாமொழி வேலியில் சங்குப்பூ கிடக்கிறதே, நீலப் பூவாகப் பார்த்துப் பறி. தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தால் நல்ல கடல் நீலம்.
கடலுக்கு சைனா கிராஸ் ஜெல்லி. 10 கிராமை அரைமணி நேரம் ஊறவைத்து, சீனி சேர்த்து ஒரு லிட்டர் பூத்தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிடு. ஜெலட்டின் என்றால் வெளியே வைத்த கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். சைனா கிராஸ் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும், உறைந்தபின் வெயிலுக்கும் அசையாது. கரண்ட் போனாலும் கவலை இல்லை. அதுவும் கடல்பாசியிலிருந்து வருவதுதான், அம்முவிடம் சொல்லு, அவளுக்குப் பிடிக்கும்.
நுரைக்கு, தேங்காய்ப் பாலில் தனியாகக் கொஞ்சம் சைனா கிராஸ் காய்ச்சி மேலே ஊற்று. நேரம் பார்த்து ஊற்றவேண்டும். நீலம் மேலே ஆடை கட்டி, தொட்டால் விரலில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது சூடாக ஊற்றினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். முழுக்க உறைந்தபின் ஊற்றினால் வெட்டும்போது வெள்ளை தனியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

நான், 7:24
கலங்கரை விளக்கத்துக்கு என்ன செய்வது? அவளுக்கு அதுதான் முக்கியம்.

தக்கலை சித்தி, 7:31
குழாய்ப் புட்டு.

அண்ணன், 7:32
அட! வெள்ளை, சிவப்பு என்று மாற்றி மாற்றியா?

தக்கலை சித்தி, 7:38
அதேதான். பாதி மாவைத் தண்ணீரில் விரவு. மீதியைத் தண்ணீருக்குப் பதில் பீட்ரூட் சாற்றில் விரவு. சாற்றில் சில சொட்டு எலுமிச்சை விட்டால் ஆவியிலும் நிறம் அவ்வளவாக மங்காது. பீட்ரூட்டை கேக் மாவில் போட்டு வீணாக்கவேண்டாம், சோடா சேர்ந்தால் பழுப்பாகிவிடும். புட்டுக்குழலில் தேங்காய்ப்பூ, வெள்ளை மாவு, தேங்காய்ப்பூ, சிவப்பு மாவு. முன்னாலேயே அவித்து வைக்காதே, காற்றுப் பட்டால் பொலபொலவென்று உதிரும். பிள்ளைகள் உட்கார்ந்தபின் அவர்கள் கண்முன்னே தள்ளி எடு. மேலே ஒரு மட்டி வாழைப்பழத் துண்டு வைத்தால் விளக்கு.

அம்மா, 7:40
என்னிடம் ஒரு குழல்தான் இருக்கிறது.

குளச்சல் மாமா, 7:52
எங்கள் வீட்டில் மூங்கில் குழல் இருக்கிறது, கொண்டுவருகிறேன். மீன் சமாச்சாரத்தையும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை

மார்த்தாண்டம் மைனி, காலை 9:15
சித்தி, ஒரு விஷயம். நம் பையனுக்கு முந்திரிப் பருப்பு ஆகாது, தெரியுமே. உதடு வீங்கிவிடும். கேக்கில் எதுவும் இல்லையே?

தக்கலை சித்தி, 9:22
கேக்கிலும் ஜெல்லியிலும் புட்டிலும் பருப்பு கிடையாது. ஆனால் மிக்ஸி ஜாரைப் பார்க்கவேண்டும். முந்திரி அரைத்த ஜாரில் பிஸ்கட் பொடித்தால் அது போதும், பிள்ளைக்கு ஆகாமல் போக. பிஸ்கட்டைக் கவரோடு வைத்துப் பூரிக்கட்டையால் உருட்டிப் பொடித்துவிடுங்கள். பிஸ்கட், சாக்லேட் கவரில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருப்பதையும் படித்துவிடு.

அம்மா, 9:30
நான் முந்திரிக்கொத்து செய்யலாம் என்றிருந்தேன். அது சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும் எள்ளும்தானே, முந்திரி ஒன்றும் போடமாட்டேன். பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மார்த்தாண்டம் மைனி, 9:33
எள் அவனுக்கு ஒன்றும் செய்யாது அத்தை. நீங்கள் கையால் செய்தது என்றால் தைரியமாகக் கொடுப்பேன். மற்றப் பிள்ளைகளின் அம்மாமாரிடமும் எது ஆகாது என்று இன்றைக்கே கேட்டுவிடுவோம்.

தம்பி, 9:40
சாண்ட்விச் நான் செய்கிறேன். மயோனைஸ் தடவி, மீன் வடிவத்தில் வெட்டி.

தக்கலை சித்தி, 9:44
மீன் வடிவம் நல்ல யோசனை. மயோனைஸ் மட்டும் வேண்டாம் மக்களே. இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் பிள்ளைகள் வயிற்றுக்கு ஆகாது. புதினாச் சட்னி தடவு.

குளச்சல் மாமா, 10:05
மீன் கட்லெட் போடுவோம். சூரை எடுத்து வருகிறேன். ஐஸில் இருப்பதாகப் பார்த்துத்தான் வாங்குவேன். சூரை வெயிலில் கிடந்துவிட்டால் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் தின்றபின் உடம்பு அரிக்கும். முள்ளும் எடுக்கச் சுளுவு. உருளைக்கிழங்குக்குப் பதில் மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, போடுங்கள், நம் மீனுக்கு மரச்சீனிதான் பொருத்தம். விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்டார். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியவர் அவர்தான். அன்றைக்கு அரிசிப் பஞ்சத்துக்கு வந்த கிழங்கு, இன்றைக்கு அம்மு பிறந்தநாளுக்கு வருகிறது!

அம்மா, 10:09
மரச்சீனியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும், மறக்காதீர்கள். நடு நரம்பையும் எடுத்துவிட்டுத்தான் மசிக்கவேண்டும்.

நான், 10:20
அண்ணனின் இரண்டு சின்னதுகளும் வருகிறார்கள், மூன்று வயதும் இரண்டு வயதும். அவர்களுக்கு?

தக்கலை சித்தி, 10:28
அவர்களுக்கு ஏத்தன் வாழைப்பழத்தை ஆவியில் வேகவைத்து நீளவாக்கில் பிளந்து கொடு. பார்க்க வள்ளம் போலவே இருக்கும், ஜெல்லிக் கடல் மேலேயே மிதக்கவிடலாம். பாய்மரத்துக்குப் பல்குச்சி குத்தவேண்டாம்.
பாப்கார்ன், முழு நிலக்கடலை, முழு திராட்சை எதுவும் மேசையில் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். திராட்சை வைத்தே ஆகவேண்டும் என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டு. பலூன் உடைந்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிட ஒரு பெரிய ஆள் வேண்டும். சின்னதுகள் அதை வாயில் போடும். அந்த வேலை அண்ணனுக்கு.

அண்ணன், 10:31
சரி சித்தி. பலூனே பத்துக்கு மேல் கட்டவில்லை.

தக்கலை சித்தி, 10:36
விளையாட்டுக்கும் தனியாக எதுவும் வாங்கவேண்டாம். மீதிச் சங்குப்பூத் தண்ணீரைச் சின்னக் கப்புகளில் ஊற்றி, ஆளுக்கு ஒரு துண்டு எலுமிச்சை கொடு. பிழிந்ததும் நீலம் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் சாயம் மாறும், அவ்வளவுதான் விஷயம். கொஞ்சம் மார்த்தாண்டம் தேன் விட்டு அப்படியே குடித்துவிடலாம்.
நாலு மணிக்கு வந்தால் கேக்கை ஐந்துக்குள் வெட்டிவிடு. பசியோடு காக்கவைத்தால் எந்தப் பிள்ளையும் அழும்.

அம்மா, 10:50
திருப்பிக் கொடுத்தனுப்ப என்ன?

நான், 10:55
பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம் அம்மா. வீட்டு வாசலில் கட்டியிருக்கிற மட்டிக் குலையிலிருந்து ஆளுக்கு ஒரு சின்னச் சீப்பும் உங்கள் முந்திரிக்கொத்து இரண்டும் துணிப்பையில் போடலாம்.

குளச்சல் மாமா, 10:58
மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பையின்மேல் எழுதி ஒட்டுங்கள், வெளியூர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நான், இரவு 8:40
எல்லோரும் போய்ச் சேர்ந்தீர்களா? சித்தி, குழலிலிருந்து புட்டு வெளியே வந்தபோது போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். மூங்கில் குழல் புட்டு அப்படியே நிமிர்ந்து நின்றது. அம்மு அதைத் தின்னவிடாமல் கொஞ்ச நேரம் காவல் இருந்தாள், பிறகு அவளே முதலில் உடைத்தாள்.

மார்த்தாண்டம் மைனி, 8:46
கட்லெட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீனே தொடாத நம் பையன் மூன்று தின்றான். பெரியவர்களுக்கு வைத்த பங்கும் போய்விட்டது மாமா.

குளச்சல் மாமா, 8:48
பிள்ளைகள் தின்றால் அதைவிட என்ன வேண்டும்.

தக்கலை சித்தி, 8:55
ஜெல்லி எப்படி இருந்தது? நுரை வழுக்கியதா?

நான், 8:57
இல்லை சித்தி, ஒட்டிக்கொண்டது. ஆனால் சீனி இன்னும் குறைக்கலாம். கருப்பட்டி கேக்கோடு சேரும்போது இனிப்பு கூடுதலாக இருந்தது.

தக்கலை சித்தி, 8:59
சரி. அடுத்த முறை சீனியைப் பாதியாக்கு, உறைவதில் ஒன்றும் வித்தியாசம் வராது.

மார்த்தாண்டம் மைனி, 9:04
சித்தி, வரும் வழியெல்லாம் இவன் ஒரே பிடிவாதம். ஆகஸ்டில் அவன் பிறந்தநாளுக்குக் கால்வாய்த் தண்ணீர் போகிற மாத்தூர் தொட்டிப் பாலம் வேண்டுமாம். அதில் தண்ணீரும் ஓடவேண்டுமாம்.

தம்பி, 9:06
28 தூண்! 115 அடி உயரம்!

தக்கலை சித்தி, 9:15
28 வேண்டாம், எட்டுத் தூண் போதும். மரச்சீனியைத் தடியாக வெட்டி வேகவைத்தால் நிற்கும். மேலே தொட்டிக்கு வாழைத்தண்டை நீளமாகப் பிளந்து குடைந்துகொள்ளலாம், அதில் இளநீர் விட்டால் ஓடும். முதலில் ஒரு தூண் செய்து எவ்வளவு எடை தாங்குகிறது என்று பார்க்கிறேன்.