தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுகிறேன், சமூக அறிவியலை எங்கிருந்து பிடிப்பது?

கரிசல்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் பணம் கட்டிவிட்டேன். தமிழ் பயமில்லை. கணக்கைப் பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லித் தருகிறான். அறிவியல் செய்முறை வகுப்புக்கும் போய் வந்தாயிற்று. சமூக அறிவியல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வரலாறு 10, புவியியல் 7, குடிமையியல் 5, பொருளியல் 5 என்று மொத்தம் 27 பாடம். முதல் பாடமே முதல் உலகப்போர். மைய நாடுகள் யார், நேச நாடுகள் யார், யார் யாரோடு சேர்ந்து யாரை அடித்தார்கள் என்பது மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடியும். மூன்று வாரமாக முதல் இரண்டு பாடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது படிக்கிற மகள்தான் கேள்வி கேட்பாள். நேற்று, "வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை எந்த வருஷம்மா?" என்றாள். முதல் நாள் ராத்திரி படித்தது. வாயில் வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை.

இன்னொன்று, எழுதும் வேகம். பெட்டிக்குள் குச்சி அடைக்கும்போது கை பறக்கும். பேனா பிடித்தால் ஒரு பக்கம் முடிப்பதற்குள் கட்டைவிரல் மரத்துப்போகிறது. மூன்று மணி நேரம் எப்படி எழுதுவது?

இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பாஸ் ஆனால் போதும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

அக்கா, நான் போன வருடம் எழுதியவன். 71 மார்க். நான் செய்த தப்பை மட்டும் சொல்கிறேன். ஐந்து மார்க் பகுதியில் 14 கேள்வி இருக்கும், 10 எழுதினால் போதும். எல்லாம் தெரிகிறதே என்ற ஆசையில் 12 எழுதிவிட்டேன். கடைசியில் மேப்புக்கு வந்தபோது பத்து நிமிடம்கூட இல்லை. அவசரத்தில் ஹிரோஷிமாவைச் சீனாவில் குறித்துவிட்டு வந்தேன். மேப்பை முதலிலேயே முடித்துவிடுங்கள். கை வலிக்கு முன்னால் அது முடிந்துவிடும்.

சாக்பீஸ்தூசி எழுதியது:

அம்மா, அரசுப் பள்ளியில் 28 வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கும் நிறையப் போயிருக்கிறேன். "எதை விடலாம்" என்று கேட்டீர்கள். அதற்கு முன் பக்கம் பக்கமாக எழுதாமலே எவ்வளவு கிடைக்கும் என்று கூட்டிப் பார்ப்போம்.

போன சில வருடக் கேள்வித்தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது 14 மார்க். ஐந்து மார்க் பகுதியின் தொடக்கத்தில் கோடிட்ட இடம் ஒன்று, பொருத்துக ஒன்று, ஆக 10. காலக்கோடு 5. வரைபடம் ஐந்து மார்க்கில் ஒன்று, எட்டு மார்க்கில் ஒன்று, ஆக 13. மொத்தம் 42. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இதில் ஒரு பத்தி கூட எழுதவில்லை பாருங்கள். உங்கள் கட்டைவிரலுக்கு இதுதான் மருந்து. அதற்காக இந்த 42-ஐ மட்டும் நம்பிப் போகாதீர்கள். எல்லாம் சரியாக அமைகிற நாள் யாருக்கும் வாய்ப்பதில்லை. இரண்டு மார்க் கேள்வி பத்து எழுத வேண்டும், ஒவ்வொன்றும் மூன்று நான்கு வரிதான். அதையும் சேர்த்தால் தைரியமாக உட்காரலாம். இரண்டு மார்க் பகுதியில் 28-ஆம் கேள்வியும் ஐந்து மார்க் பகுதியில் 42-ஆம் கேள்வியும் கட்டாயக் கேள்விகள். அவற்றைத் தாண்டிப் போகக்கூடாது.

ஒரு மார்க், கோடிட்ட இடம், பொருத்துக எல்லாவற்றுக்கும் முதலில் பாடத்தின் பின்பக்கக் கேள்விகள். 27 பாடத்துக்கும் அதை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கைக்கும் பழக்கம் வரும்.

இப்போது என் மனக்குறை. கோவில்பட்டியில் இருந்துகொண்டு வரலாறு நிற்கவில்லை என்கிறீர்களே! ஆறாம் பாடம் பாளையக்காரர்கள். கட்டபொம்மனை 1799 அக்டோபரில் தூக்கிலிட்ட கயத்தாறு உங்களுக்கு எத்தனை ஸ்டாப்? நீங்கள் திருநெல்வேலிக்குப் போனால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தூத்துக்குடிக்கு ரயில் ஏறினால் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது அந்த ஸ்டேஷனில்தான். எதிர்ப்பக்கம் எட்டயபுரம், பாரதி பிறந்த ஊர். ஒட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர். அவர் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கியது 1906, தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தம் 1908. அந்த வேலைநிறுத்தம் எதற்காக என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் வாரவிடுமுறைக்கும்தான்.

அதனால் முதல் பாடத்தை மூடி வையுங்கள். ஆறு, ஒன்பது, பத்து ஆகிய பாடங்களை முதலில் முடியுங்கள். பிறகு ஏழும் எட்டும். உலகப்போர்கள் கடைசியில்.

உலகப்போரைப் பங்காளிச் சண்டையாகப் படித்துப் பாருங்கள். சும்மா சொல்லவில்லை, ஜெர்மனி கெய்சரும் ரஷ்ய ஜாரும் இங்கிலாந்து ராஜாவும் உண்மையிலேயே உறவுக்காரர்கள். சரஜேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள். ஆஸ்திரியா செர்பியா மேல் பாய்ந்தது. செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா வந்தது, ஆஸ்திரியாவுக்குத் துணையாக ஜெர்மனி வந்தது. ரஷ்யாவின் கூட்டாளி பிரான்ஸும் இறங்கியது. ஜெர்மனிப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்ததும் பிரிட்டனும் வந்துவிட்டது. ஒரு தெருச் சண்டை ஊர்ச் சண்டையாகிற கதைதான். சரஜேவோவில் சுட்டது 1914 ஜூன் 28. வெர்செய்ல்ஸில் கையெழுத்தானது 1919 ஜூன் 28. ஒரே தேதி, ஐந்து வருடம் தள்ளி. இனி மகள் கேட்டால் தேதியோடு சொல்லுங்கள்.

மூன்றாம்முறை எழுதியது:

சார் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் காலக்கோட்டை அவ்வளவு சுலபமாக எண்ணிவிடாதீர்கள். நானும் தனித்தேர்வர்தான், மினி வேன் ஓட்டுகிறேன். மூன்றாவது தடவையில் பாஸானேன். முதல் தடவை 1900 முதல் 1920 வரை என்று கேட்டதற்கு ஒத்துழையாமை இயக்கம் முடிந்ததையும் எழுதி வைத்தேன். சௌரி சௌரா கலவரத்தால் காந்தி அதை நிறுத்தியது 1922. கேட்ட காலத்துக்கு வெளியே போனால் அதற்கு மார்க் இல்லை.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்து பத்து வருடமாக ஐந்து ஐந்து சம்பவம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. 1905 வங்கப் பிரிவினை, 1906 முஸ்லிம் லீக், 1907 சூரத் பிளவு, 1909 மிண்டோ மார்லி, 1911 பிரிவினை ரத்து. இதை வேன் டாஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்தேன். இன்னொன்றும் நினைவில் நிற்கும். ஏப்ரல் 13-ஐ விடாதீர்கள். 1919-ல் அன்றுதான் ஜாலியன்வாலாபாக். 1930-ல் அதே நாளில்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பித்தார்.

தேர்வு மையத்தைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வாசலில் நின்ற ஒரு பையன் என்னை ஹால் சூப்பர்வைசர் என்று நினைத்து வணக்கம் வைத்தான். நானும் பதிலுக்கு வைத்துவிட்டு உள்ளே போய் அவன் பின்னாலேயே உட்கார்ந்தேன். கூச்சமெல்லாம் கேள்வித்தாள் கையில் வரும் வரைதான் அக்கா.

கரிசல்காரி எழுதியது:

சார், தம்பிகளா, ரொம்ப நன்றி. கயத்தாறு வழியாக எத்தனை தடவை போயிருப்பேன், கட்டபொம்மன் சிலையைப் பார்த்துக் கும்பிட்டும் இருக்கிறேன். வருடத்தைத்தான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

புவியியலில் ஒரு சந்தேகம். தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு மழை கிடைப்பதில்லை, காரணம் கூறு என்று இருக்கிறது. ஐப்பசி மழையில்தான் எங்கள் ஆபீஸில் குச்சி காயாமல் கிடக்கும் என்பது தெரியும். ஆனியில் ஏன் பெய்யவில்லை என்று எழுதத் தெரியவில்லை. மேப்பில் துறைமுகங்களும் குழப்புகின்றன.

சாக்பீஸ்தூசி எழுதியது:

பாதி விடை உங்களிடமே இருக்கிறது அம்மா. அரபிக்கடல் கிளை மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். வங்காள விரிகுடாக் கிளையோ நம் கடற்கரைக்கு இணையாக வடக்கே போய்விடுகிறது. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று. இந்த வரிகள் போதும்.

கரிசல் மண் கேட்டால் புத்தகத்தைத் தேடாதீர்கள், காலுக்குக் கீழே பாருங்கள். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைக்கும், பருத்திக்கு ஏற்றது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு என்ற ஒரு வரியை மட்டும் புத்தகத்திலிருந்து சேருங்கள்.

துறைமுகத்துக்குக் கரையோரமாகவே விரலை ஓட்டுங்கள். காண்ட்லா, மும்பை, மர்மகோவா, புதிய மங்களூர், கொச்சி. கன்னியாகுமரியைச் சுற்றி வந்தால் தூத்துக்குடி, சென்னை, எண்ணூர், விசாகப்பட்டினம், பாரதீப், ஹால்டியா. தனித்தனியாகப் படித்தால் குழப்பும், வரிசையாகப் போனால் குழப்பாது. நதி என்றால் கோடு, மலை என்றால் நிழல், ஊர் என்றால் புள்ளி, பக்கத்திலேயே பெயர். பெயர் எழுதாமல் வெறும் புள்ளி மட்டும் வைத்த தாள்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். யாருடைய புள்ளி எந்த ஊர் என்று நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும்?

கரிசல்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்து, தம்பி சொன்னபடி மேப்பில் ஆரம்பித்து மூன்று மணி நேரம் எழுதினேன். ஐந்து மார்க்கில் ஏழுதான் எழுத முடிந்தது, கை ஒத்துழைக்கவில்லை. மகள் சிவப்புப் பேனா வாங்கிக்கொண்டு வந்து திருத்தினாள். 51 போட்டிருக்கிறாள். உலகப்போர் பாடம் இன்னும் தொடவில்லை.

தமிழ்நாடு மேப்பில் கம்பம் பள்ளத்தாக்கைக் கேரளாவுக்குள் தள்ளிவிட்டேனாம். பாரதீப்பும் ஹால்டியாவும் இடம் மாறிவிட்டன. இந்த இரண்டுக்கும் மட்டும் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

மூன்றாம்முறை எழுதியது:

கரையோரமாக மேலே போகும்போது முதலில் ஒடிசா, அப்புறம் வங்காளம். ஒடிசாவில் பாரதீப், வங்காளத்தில் ஹால்டியா. அகர வரிசையிலும் பா முன்னால், ஹா கடைசியில்.