மணக்குடி காயலில் நெய்தல் திணை: களப்பணியை எப்படி அமைப்பது?

கேள்வி – பனங்குருத்து
தாவரவியலும் தமிழும் படிக்கும் மாணவர்கள் 20 பேர். சங்கப் பாட்டையும் கடற்கரையையும் சேர்த்துப் படிக்க நாலு நாள் ஒதுக்கியிருக்கிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடியிலிருந்து முட்டம் வரை யோசனை. எந்தப் பாடல்கள், எந்த மாதம், எதை அளப்பது?

கழிமுள்ளி
நாலு நாளையும் ஒன்றாகப் போடாதீர்கள். பிப்ரவரியில் இரண்டு, ஜூலையில் இரண்டு. பிப்ரவரியில் கடல் அடங்கி, மணல் கரையேறிக் கிடக்கும். சாமிதோப்பு உப்பளத்தில் வலசைப் பறவைகளும் இருக்கும். ஜூலையில் அந்த மணலைக் கடல் இழுத்திருக்கும்.

செடிகளுக்கு 50 மீட்டர் கயிறு. பூஜ்யத்தைத் தண்ணீர் ஓரத்தில் வைக்காதீர்கள், ஜூலையில் அது அலைக்குள் போய்விடும். சாலையோரப் பாலத்துச் சுவர் மாதிரி அசையாத ஒன்றில் கட்டி, கடலை நோக்கி இழுங்கள். 5 மீட்டருக்கு ஒரு முறை 1 மீட்டர் சதுரச் சட்டம் போட்டு, எந்தச் செடி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று எழுதுங்கள். இயல்பான மேடாக இருந்தால் கடல் பக்கம் அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும், உள்ளே தாழை, அதற்கும் உள்ளே புன்னை. சவுக்கு நட்ட இடத்திலும் கல்சுவர், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல்தடுப்பு) உள்ள இடத்திலும் இந்த வரிசை குலையும். அதற்குத் தனித்தாள்.

காயலில் உப்பளவு பார்க்கும்போதுதான் பலரும் சறுக்குவது. பழையாற்று நன்னீர் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் தங்கும். வாளியில் மேல்நீரை மட்டும் மொண்டால் கணக்கு தப்பு. பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையில் தனிக்கயிறு போட்டு இறக்கி, அடியில் போனதும் தக்கையைச் சுண்டி இழுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவி) காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யமாக்கிவிட்டுப் பாருங்கள். திறந்த கடல் ஆயிரத்துக்கு 35 பங்கு அருகில் நிற்கும். பொழி (காயல் கடலில் சேரும் வாய்) திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று குறிக்காத அளவைத் தூக்கிப் போடலாம்.

வெண்மணல்
பாட்டு நாலைந்து போதும். ஐங்குறுநூற்றில் 101 முதல் 200 வரை அம்மூவனாரின் நெய்தல்; அதில் 171–180 தொண்டிப் பத்து. தொண்டி சேரர் துறைமுகம், அதனால் மேற்குக் கரைக்குப் பொருத்தம். குறுந்தொகை 243 அடம்பிலையை மானடிக்கு ஒப்பிடுகிறது. அதன் லத்தீன் பெயரான ஐபோமியா பெஸ்-காப்ரேயில் இருப்பது ஆட்டடி. இலையைக் கையில் வைத்துக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். நற்றிணை 172இல் மணலில் அழுத்திய விதையிலிருந்து முளைத்த புன்னை, தோழிக்கும் தலைவிக்கும் தங்கையாகிறது. அகநானூறு 140 உழாமல் விளைந்த உப்பைப் பேசுகிறது. அதை உப்பளத்து வரப்பில் நின்று படிப்பதே சரி.

ஒரு எச்சரிக்கை: பாட்டைச் செடிப் பட்டியலாக்காதீர்கள். திணை ஒரு கவி மரபு. கடற்கரையில் நெய்தல் பூவைத் தேடி ஏமாறுவார்கள். அது அல்லிக் குடும்பம், தேரூர் மாதிரிக் குளங்களில் பாருங்கள். பாட்டில் வரும் ஞாழல் மரத்தைப் புலிநகக்கொன்றை என்பார்கள். எல்லோரும் ஒப்புவதில்லை, கேள்விக்குறியோடு எழுதுங்கள்.

கச்சான்
ஊர்ச் சொற்களை விட்டுவிட்டீர்களே! அகராதியை வைத்துக்கொண்டு "சோழகம் என்றால் என்ன?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இப்ப அடிக்கது எந்தக் காத்து?" என்று கேட்டு, சொன்ன பெயரையும் திசைகாட்டி காட்டும் திசையையும் நேரத்தையும் ஒன்றாக எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும், அதுதான் வேண்டியது. ஞாயிறு மீனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், பூசை முடிந்து போனால் ஆள் கிடைக்கும். முதலில் தேவாலயப் பங்குப்பேரவையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள்: இரயுமன்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை. பாட்டில் வரும் "துறை" தேய்ந்துபோகாமல் இருக்கிறது.

பனங்குருத்து
நன்றி. பாட்டில் வெண்மணல், மணவாளக்குறிச்சியில் கறுப்பு மணல். மாணவர்கள் கேட்டால்?

கழிமுள்ளி
அந்த மணலில் உள்ள இல்மனைட் என்னும் கனிமம் கறுப்பு, கனம் கூடியது. ஆனி ஆடி அலை லேசான வெள்ளைக் குவார்ட்ஸைக் கழுவிக்கொண்டு போகும், கனமானது தங்கும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் தடவுங்கள். உடனே துள்ளி ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம். இல்மனைட்டை அது லேசாகத்தான் இழுக்கும். காகிதம் சுற்றாவிட்டால் காந்தத்தைச் சுத்தம் பண்ணவே அரை நாள் போகும்.